வீட்டில் போட்ட இசையைப் படத்துக்கும் தொடருக்கும் கொடுக்க முடியுமா? சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, வீட்டிலேயே கீபோர்டும் கம்ப்யூட்டரும் வைத்துப் பின்னணி இசை செய்கிறேன். நாற்பது டிராக் வரை சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுத் தொடர்களிலும் ஆவணப் படங்களிலும் இந்த மாதிரி இசையை லைசென்ஸ் வாங்கிப் போடுகிறார்கள் என்கிறார்கள். யாருக்கு அனுப்ப வேண்டும், எவ்வளவு கிடைக்கும், இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?"

யாருக்கு அனுப்புவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அந்த நாற்பதும் உங்களுடையதுதானா? நீங்கள் போட்ட இசைதான், அதில் சந்தேகமில்லை. உரிமை முழுக்க உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் ஒன்று. அதை வாசித்துப் பாடி எடுத்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவதைத் தொழிலில் பப்ளிஷிங் என்பார்கள், இரண்டாவதை மாஸ்டர் என்பார்கள். மெட்டைக் காட்சியோடு சேர்த்துக்கொள்ளக் கொடுக்கும் அனுமதிதான் சிங்க் லைசென்ஸ். அதே ஒலிப்பதிவை அப்படியே பயன்படுத்த வேண்டுமானால் மாஸ்டர் லைசென்ஸும் தனியாக வேண்டும்.

2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது நடந்தது நினைவிருக்கும். 1991-இல் வெளிவந்த 'குணா' படத்தின் 'கண்மணி அன்போடு' பாட்டை அதில் வைத்திருந்தார்கள். இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருக்கும் ஆடியோ நிறுவனங்களிடம் முறைப்படி வாங்கித்தான் வைத்தோம் என்று தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை, கமெண்டில் ஏற்கெனவே போதுமான அளவு நடந்துவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. அது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. கதைக்கே அது வேண்டும். அப்படிப்பட்ட பாட்டுக்கு வக்கீல் வைத்துப் பேசுவார்கள், செலவு செய்வார்கள். உங்கள் டிராக்குக்கும் என் டிராக்குக்கும் யார் வக்கீல் வைப்பார்கள்? உரிமை விஷயத்தில் லேசாக ஒரு சந்தேகம் வந்தாலும் அடுத்த டிராக்குக்குப் போய்விடுவார்கள். நமக்குத் தகவல்கூட வராது.

இதில் பெயர் தெரியாதவருக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இரண்டு உரிமையும் ஒரே ஆளிடம் இருந்தால், ஒரே மின்னஞ்சலில் வேலை முடிந்துவிடும். இதை ஒன்-ஸ்டாப் என்பார்கள். நள்ளிரவுக்குள் எபிசோடை முடித்துக் கொடுக்க வேண்டிய எடிட்டருக்கு இது பெரிய விஷயம். அவருக்கு உலகத்திலேயே சிறந்த இசை தேவையில்லை. காட்சிக்குப் பொருந்தவேண்டும், கேள்வி கேட்காமல் வைக்க முடியவேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை, நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எதிலாவது நண்பர் வந்து நாதஸ்வரம் வாசித்தாரா? அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறீர்களா? "நம்ம பையன்தான் அண்ணா, ஒன்றும் சொல்ல மாட்டான்" என்பீர்கள். இன்று சொல்ல மாட்டார். தொடரில் வந்துவிட்டது என்று தெரிந்தால் சொல்வார், சொல்வதில் நியாயமும் இருக்கும். 2012-இல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது வாசித்தவர், பாடியவர் உரிமையையும் விரிவாக்கினார்கள். ஒரு பக்கத் தாள் போதும். இந்தத் தேதியில், இந்த டிராக்கில், இந்த வாத்தியம் வாசித்தேன், இவ்வளவு வாங்கிக்கொண்டேன், படத்திலும் தொலைக்காட்சியிலும் பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து. ராயல்டியில் அவருக்குப் பங்கு கொடுப்பதாக இருந்தால் எத்தனை சதவீதம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். ரெக்கார்டிங் முடிந்து டீ வருவதற்குள் முடித்துவிடலாம். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் அது பஞ்சாயத்து.

அடுத்தது லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடத் தயாராகக் கிடைக்கும் சின்ன இசைத் துண்டு. விலை கொடுத்து வாங்கிய லூப் என்றாலும், அதே லூப்பை ஆயிரம் பேர் வாங்கியிருப்பார்கள். யூடியூபில் யாருடைய இசை என்று தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி என்ற அமைப்பு இருக்கிறது. அவர்களில் ஒருவர் தன் பாட்டை அதில் பதிவு செய்துவிட்டால், உங்கள் இசை வந்த டிரெய்லருக்கு அவர் பெயரில் உரிமை கேட்டு க்ளெய்ம் விழும். தாளத்துக்கு லூப் போடுவதில் தவறில்லை. மெலடியை மட்டும் லூப்பிலிருந்து எடுக்காதீர்கள். பழைய ரெக்கார்டிலிருந்து இரண்டு வினாடி வெட்டிச் சேர்த்த டிராக் ஏதாவது இருந்தால் அதை இந்தக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஏஐ கொண்டு செய்ததையும் தனியாக வையுங்கள். மனிதர் உருவாக்காத பகுதிக்கு அமெரிக்காவில் காப்புரிமைப் பதிவு கிடையாது. உங்களுக்கே உரிமை இல்லாத ஒன்றை இன்னொருவருக்கு லைசென்ஸ் கொடுக்க முடியாது.

இன்னொன்று நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், பாரதியார் 1921-இல் மறைந்தவர். நம் சட்டப்படி பாடலாசிரியர் இறந்து 60 வருடம் வரைதான் காப்புரிமை. ஆகவே கீர்த்தனையையும் கவிதையையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாரதியார் பாட்டு என்றதும் நம் வாயில் வரும் மெட்டு பெரும்பாலும் ஏதோ ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்டது. அந்த மெட்டுக்கு உரிமை இருக்கிறது. ஒலிப்பதிவுக்கும் வெளியான பிறகு 60 வருடம் உண்டு. வரிகளை எடுங்கள், மெட்டை நீங்களே போடுங்கள், புதிதாகப் பதிவு செய்யுங்கள்.

சரி, இப்போது யாருக்கு அனுப்புவது. பெரிய தொடர்களில் இசையைத் தேர்ந்தெடுத்து அனுமதி வாங்கித் தரும் வேலைக்கு மியூசிக் சூப்பர்வைசர் என்று ஒருவர் இருப்பார். இது இன்று மதிப்புள்ள தொழில், அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியில் 2017 முதல் இதற்குத் தனி விருதே இருக்கிறது. அவருடைய முகவரியைத் தேடிப் பிடித்து நாற்பது டிராக்கையும் இணைத்து அனுப்பினால் திறக்கவே மாட்டார். அவர் எந்தத் தொடரில் வேலை செய்கிறார் என்று பார்த்து, அதற்குப் பொருந்தும் மூன்று டிராக்கை மட்டும், அங்கேயே கேட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு லிங்க்காக அனுப்புங்கள். உரிமை முழுக்க என்னிடம் இருக்கிறது என்று ஒரு வரி. போதும்.

ஆனால் ஆரம்பத்தில் உங்களுக்கு வழி லைப்ரரிதான். லைப்ரரி என்றால் பின்னணி இசையைச் சேர்த்து வைத்துத் தயாரிப்பாளர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் நிறுவனம். புதிதாக வந்த சங்கதி அல்ல. லண்டனில் டி வுல்ஃப் 1909-இல், மௌனப் படக் காலத்திலேயே ஆரம்பித்தது. லைப்ரரியோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வகை. எக்ஸ்க்ளூசிவ் என்றால் அந்த டிராக்கை அவர் மட்டும்தான் விற்கலாம். நான்-எக்ஸ்க்ளூசிவ் என்றால் நீங்கள் நான்கு இடத்திலும் கொடுக்கலாம். கேட்பதற்கு இரண்டாவதுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் அதில் சில லைப்ரரிகள் அதே டிராக்குக்கு வேறு தலைப்பு வைத்து ராயல்டி அமைப்பில் தங்கள் கணக்கில் பதிவு செய்வார்கள். ஒரே இசை நான்கு பெயரில் சுற்றும். எந்தப் பெயரில் ஒளிபரப்பானது என்று யாருக்கும் தெரியாது. என் கருத்து, நல்ல டிராக்குகளை ஒரு நல்ல எக்ஸ்க்ளூசிவ் லைப்ரரிக்குக் கொடுங்கள். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒரு இடத்திலும் பயன்படவில்லை என்றால் உரிமை எனக்குத் திரும்ப வரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்பதில் நஷ்டமில்லை.

காசு. இரண்டு வழியில் வரும். ஒன்று லைசென்ஸ் கட்டணம், முன்னாலேயே ஒருமுறை வருவது. ஒரு கணக்குக்கு, மாஸ்டரும் பப்ளிஷிங்கும் சேர்த்து 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 500 மாஸ்டருக்கு, 500 பப்ளிஷிங்குக்கு. லைப்ரரி பாதி எடுத்துக்கொண்டால் உங்களுக்கு 500. அதில் அமெரிக்க வரி பிடிப்பார்கள். நான் அமெரிக்காவில் வசிப்பவன் அல்ல என்று சொல்லும் டபிள்யூ-8 பென் படிவம் கொடுத்திருந்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15 சதவீதம், கொடுக்காவிட்டால் 30. ஆக கைக்கு 425. பிடித்த வரியை இங்கே அதற்கான படிவம் போட்டு உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் சொல்லுங்கள். ரியாலிட்டி ஷோக்களுக்கு நடுவில் ஓடும் இசையில் பல சமயம் இந்த முன்பணமே இருக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வழி ஒளிபரப்பு ராயல்டி. ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் சேனல் கட்டுகிற பணம், அமெரிக்காவில் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வழியாக வரும். நீங்கள் இங்கே ஐபிஆர்எஸ், அதாவது நம் நாட்டு இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் காப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அந்த வெளிநாட்டு அமைப்புகள் ஐபிஆர்எஸ் மூலம் உங்களுக்கு அனுப்பும். பாதி எழுத்தாளர் பங்கு, அதாவது இசை போட்ட உங்களுக்கு. பாதி பப்ளிஷர் பங்கு. பப்ளிஷர் பங்கை லைப்ரரி கேட்பது வழக்கம், கொடுக்கலாம். எழுத்தாளர் பங்கை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2019 டிசம்பரில் டிஸ்கவரி நிறுவனம், அமெரிக்க ஒளிபரப்பு ராயல்டியை விட்டுக்கொடுங்கள் என்று இசையமைப்பாளர்களிடம் கேட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது, பிறகு பின்வாங்கியது. அவ்வளவு பெரிய நிறுவனம் கேட்டுப் பார்க்கிறது என்றால் அந்தப் பங்குக்கு மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தியேட்டர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். அமெரிக்கத் திரையரங்கில் படம் ஓடினால் இசைக்கு ஒளிபரப்பு ராயல்டி கிடையாது. 1948-இல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் தியேட்டரும் கட்டுகிறது. அதனால் படம் என்றால் முன்பணத்தை நன்றாகப் பேசுங்கள், தொடர் என்றால் ராயல்டியில் கண் வையுங்கள்.

இந்த ராயல்டி வருவதற்கு அடிப்படை கியூ ஷீட். எந்த எபிசோடில், எந்த இசை, எத்தனை வினாடி, யார் எழுதியது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று தயாரிப்பு நிறுவனம் எழுதிக் கொடுக்கும் தாள். அதில் உங்கள் பெயரை ஓரெழுத்து மாற்றி எழுதினாலும் பணம் வேறெங்கோ நின்றுவிடும். அப்பா பெயரின் இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம் ஊர்ப் பிரச்சினை இங்கே நிஜமாகவே காசை முடக்கும். ஒரே ஒரு வடிவத்தை முடிவு செய்து ஐபிஆர்எஸ், லைப்ரரி, ஃபைல் எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். ஐபிஆர்எஸ் உறுப்பினருக்கு ஐபிஐ என்று ஒரு எண் வரும், அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இங்கே நம் ஊரில் வேலை செய்தாலும் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். நம் தயாரிப்பாளர்கள் நீட்டும் தாளில் "அண்டம் முழுக்க, என்றென்றைக்கும், எல்லா உரிமையும்" என்று இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் வரும் இசைக்கு, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாட்டில் சரிபாதி ராயல்டி வாங்கும் உரிமையை இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் எழுதிக் கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டு லைப்ரரி ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா சட்டப்படி என்று எழுதியிருந்தால் நீங்கள் சண்டை போட அங்கேதான் போகவேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே படியுங்கள்.

ஃபைல் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். முழு டிராக், மெலடி இல்லாதது, 60 வினாடி, 30 வினாடி, அப்புறம் ஸ்டெம்ஸ், அதாவது வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்த ஃபைல்கள். கடைசியில் ஃபேட் அவுட் வேண்டாம், எடிட்டர் வெட்டுவதற்குத் தெளிவான ஒரு முடிவு வேண்டும். கேட்க அனுப்பும் எம்பி3-க்குள் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் மூன்றையும் எழுதி வையுங்கள். "ஃபைனல் புதுசு 3" என்ற பெயரில் ஃபைல் அனுப்பாதீர்கள்.

என்ன மாதிரி இசை? நீங்கள் அனுப்பிய மூன்று மாதிரிகளையும் கேட்டேன். இரண்டு, ஹாலிவுட் டிரெய்லர் மாதிரி இடி முழக்கம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்ய லாஸ் ஏஞ்சல்ஸிலேயே தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். மூன்றாவதில் பறையும் நாதஸ்வரமும் வருகிறதே, அதுதான் சரக்கு. லைப்ரரிகளில் இந்தியா என்று தேடினால் சிதாரும் தபலாவும்தான் கொட்டும். தமிழ்நாட்டைப் பற்றிய சமையல் நிகழ்ச்சிக்கும் அதையே வைக்கிறார்கள், பார்க்கிற நமக்குத்தான் எரிச்சல். கொங்கு நாட்டுப் பறை, தவில், உறுமி, எல்லாம் சுத்தமாகப் பதிவு செய்தது, ஸ்டெம்ஸோடு, ஒரே மனநிலையில் பத்து டிராக் கொண்ட ஆல்பமாகக் கொடுத்துப் பாருங்கள். வாசிப்பவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்து, நான் சொன்ன தாளையும் வாங்கிவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, வேலையை விடலாமா. இப்போது வேண்டாம் தம்பி. இன்று ஒரு டிராக் லைப்ரரிக்குப் போனால், யாராவது எடுத்து, ஒளிபரப்பாகி, கியூ ஷீட் போய், பணம் வெளிநாடு சுற்றி ஐபிஆர்எஸ் வழியாக வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். முதல் தொகையைப் பார்த்துச் சிரிப்புத்தான் வரும். இதில் பிழைக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் டிராக் வைத்திருப்பவர்கள், பத்து வருடம் முன்னால் போட்டதற்கு இன்றும் ராயல்டி வாங்குபவர்கள். மாதம் இரண்டு டிராக், தாள்களோடு சேர்த்து முழுசாக முடித்து வையுங்கள். ராயல்டி மட்டும் வீட்டு வாடகையை இரண்டு வருடம் தொடர்ந்து கட்டினால் அப்போது மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

அடுத்து ஈரோட்டிலிருந்து ஒருவர், பாட்டின் கவர் வெர்ஷனை வெளியிட யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.