மணி பார்த்துக் குறித்து வையுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட பள்ளிகளில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கிறேன். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், மருந்துச் சீட்டில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் என் நாள் கழிகிறது. நன்றாக இருந்த ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் திடீரென்று வலிப்பு வந்தாலோ, இமை தொங்கினாலோ, வாய் கோணினாலோ, மருத்துவர் கைக்குப் போய்ச் சேரும் வரை அருகில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, அசெம்ப்ளி வரிசையில் நின்ற எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி விழுந்துவிட்டதாக என்னை அழைத்தார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவள் கையில் ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை இறுக்கி மூடியிருந்தார்கள். ஒருவர் தோளை அழுத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் பல்லிடுக்கில் வைக்க ஸ்பூன் கொண்டு வர ஆளனுப்பியிருந்தார். அத்தனையும் அன்பினால் செய்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, தலைக்கு அடியில் ஒரு துப்பட்டாவை மடித்து வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பிறகு, எப்போது விழுந்தாள் என்று கேட்டேன். அங்கே நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

என் பேச்சில் எதை மறந்தாலும் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். வலிப்பு தொடங்கியதும் முதலில் மணியைப் பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ, அது உயிருக்கு ஆபத்தான நிலை. 108-ஐ அழைப்பதில் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. முதன்முறையாக வலிப்பு வந்த பிள்ளையை, அது ஒரே நிமிடத்தில் நின்றிருந்தாலும், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும் என்பதால், மனக்கணக்கை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

சாவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் அதுதான் முதல் வைத்தியம். இரும்பைப் பிடித்ததும் வலிப்பு நின்றது என்று கண்ணால் கண்டவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தானாக நிற்க வேண்டிய நேரத்தில் வலிப்பு நிற்கிறது, அப்போது கையில் இருந்த காரணத்தால் பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது. சாவி தேடி அலையும் அந்த ஒரு நிமிடம்தான் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டிய நிமிடம். எச்சில் வெளியே வழிந்தால் மூச்சுக்குழாய் அடைபடாது. வாயில் ஸ்பூனை நுழைத்தால் பல் உடையும். தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். கைகால்களை அழுத்திப் பிடித்தால் மூட்டு நழுவக்கூடும்.

நடராசர் திருவடியின் கீழே கிடக்கும் முயலகனின் பெயரைத்தான் நம் முன்னோர் இந்த நோய்க்கும் வைத்தார்கள். வடமொழியில் அவன் அபஸ்மாரன்; மலையாளத்தில் இன்றும் வலிப்பு நோய்க்கு அபஸ்மாரம் என்றே பெயர். கொல்லி மழவன் என்ற மன்னனின் மகளுக்கு இருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகத் திருவாசிக் கோயிலின் தலவரலாறு சொல்கிறது. அந்தக் கதையில் என் மனத்தைத் தொடுவது, அரசன் ஊரறியத் தன் மகளைக் கோயிலில் கொண்டு வந்து கிடத்தினான் என்பதுதான். இன்று பள்ளியில் சேர்க்கும்போது பெண் பிள்ளைக்கு வலிப்பு உண்டு என்பதைப் பெற்றோர் மறைக்கிறார்கள். அவர்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் வந்த திருத்தம் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகவே வைத்திருந்தது. 1999-இல் அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. தாய்மார்களே, தயவுசெய்து எங்களிடம் மறைக்காதீர்கள்.

அந்த மாணவிக்கு வருகிறேன். வலிப்பு நின்ற பிறகு, அவள் பாவாடை நனைந்திருந்ததைப் பிள்ளைகள் பார்க்கும் முன் ஒரு துண்டால் மூடினேன். ஆசிரியை ஒருவர் குனிந்து, “பேரெந்தா மோளே?” என்று மூன்று முறை கேட்டார். பதில் இல்லை, நினைவு திரும்பவில்லை என்று அவர் பதறினார். நான் அவள் காதருகே, “கண்ணு, உம் பேரென்ன சாமி?” என்று கேட்டேன், மெதுவாகப் பெயரைச் சொன்னாள். வலிப்பு முடிந்து மூளை களைத்திருக்கும் அந்த நேரத்தில் பிள்ளைக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் வீட்டு மொழிதான் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எல்லையோரத்துப் பள்ளிகளில் நினைவைச் சோதிக்கிறவர்கள் பிள்ளையின் தாய்மொழியில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வர வேண்டும்.

திடீரென்று வருகிற எல்லாமே வலிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளை உளறினாலோ மயங்கினாலோ, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய நினைவும் இருந்தால், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக்கே உரியது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் பீரியடிலேயே தூங்குகிறான் என்று அனுப்பி வைத்தார்கள். இமைகள் பாதி மூடியிருந்தன; எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டான். இரவு எங்கே படுத்தாய் என்று கேட்டதற்கு, தோப்புச் சாளைக் குடிசையில் வெறுந்தரையில் என்றான். விடியற்காலையில் வயிறு வலித்தது என்றான். மூச்சுத் தசைகளின் பலத்தை அறிய, ஒன்றிலிருந்து ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். ஒன்பதோடு நின்றான், சற்று நேரம் கழித்து ஆறோடு நின்றான். உடம்பெங்கும் தேடியும் கடிவாய் தெரியவில்லை. கட்டுவிரியன் இரவில், உறங்குகிறவரைக் கடிக்கும். பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. முதலில் இமை தொங்கும், பிறகு மூச்சுத் தசைகள் தளரும். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்கே நேராக அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து அவன் நடந்து வீட்டுக்குப் போனான்.

அவனோடு நான் அனுப்பியது சட்டையில் குத்திய ஒரு துண்டுச் சீட்டு: இமை தொங்கியதைக் கண்ட நேரம், கடைசியாக நன்றாக இருந்த நேரம், எண்ணிய எண்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பாலக்காட்டுக்கும் பாதிப் பேர் எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். மலையாளத்தில் எழுதியதை அங்கே படிக்க ஆள் தேட வேண்டும், எண்களை எந்த ஊர் மருத்துவரும் படித்துவிடுவார். வலிப்பு என்றால், கண்ணும் தலையும் எந்தப் பக்கம் திரும்பின, எந்தக் கை முதலில் வெட்டியது என்பதையும் எழுதுங்கள்.

நேரம் முடியப் போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பக்கவாதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; சுருக்கிக்கொள்கிறேன். அது பிள்ளைகளுக்கும் வரும். அட்டப்பாடியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் அரிவாள் ரோகம் என்று அவர்கள் சொல்லும் இரத்தசோகை உள்ளவர்களை முன்பே அறிந்து வையுங்கள். அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுதல்; ஒரு பக்கம் தளர்ந்தாலோ வாய் கோணினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு மாத்திரையைப் பரீட்சை நாட்களில் தூக்கம் வருகிறது என்று நிறுத்தாதீர்கள். அந்த எட்டாம் வகுப்பு மாணவி திரும்பி வந்த நாளில், முன்பு அவள் பக்கத்தில் இருந்த தோழியே மறுபடியும் உட்கார வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். நன்றி, வணக்கம்.