முனையைச் சுற்றி வரும் அலை

நேயர்களுக்கு வணக்கம். அலைச்சறுக்குப் பழக விரும்புகிறவர்கள் எந்தப் பலகை வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த அலையில் பழகலாம் என்பதே அதற்கு முந்திய கேள்வி என்பேன். ‘பாயின்ட் பிரேக்’ எனப்படும், நிலமுனையைச் சுற்றி வளைந்து உடையும் முனை அலை சாதுவாக இருக்கும் நாளில், புதியவருக்கு அதைவிட ஏற்ற இடம் அரிது.

காரணம் கடலடியில் இருக்கிறது. 10 நொடிக்கு ஒன்றாக வரும் அலைகளுக்கு ஆழ்கடலில் இடைவெளி சுமார் 156 மீட்டர். அதில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே அவை தரையை உணர்ந்து வேகம் தணியத் தொடங்குகின்றன. கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையை நெருங்கும்போது, ஆழம் குறைந்த பக்கத்தில் அலையின் ஓரம் பின்தங்க, மறு ஓரம் முந்திச் செல்ல, அலை முழுவதுமே முனையைச் சுற்றி வளைந்துவிடுகிறது. ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அது உடையும். நேரான மணற்கரையில் பல நேரம் நெடுக ஒரே வீச்சில் கவிழும் அலை, இங்கே ஒரு நுனியில் உடையத் தொடங்கி, கரையோரமாக நடந்து போவதுபோல் தொடர்ந்து உடைந்துகொண்டே செல்கிறது. தரையின் சரிவும் மெதுவாக இருந்தால், அலை சுருண்டு அறையாமல் நுரையாக வழியும். பலகையில் எழுந்து நின்று, தடுமாறி, மறுபடி நிலைகொள்ள அவகாசம் கிடைக்கும்.

அலை உடையாத ஆழமான வழி ஒன்றும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அதன் வழியே சுற்றிப் போனால் நுரையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதே வழியில் நீரோட்டம் கடலை நோக்கி இழுக்கவும் கூடும். முனையடியில் பாறைகள் இருக்கும், வற்று நேரத்தில் அவை தலைகாட்டும். ஆகவே இறங்குவதற்கு முன் கரையில் அமர்ந்து, மற்றவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று கவனியுங்கள். இடையில் ஒரு சொல்: ‘வலது அலை’ என்பது கரையை நோக்கிச் சறுக்குபவரின் வலப்பக்கமாக உடைந்து செல்லும் அலை, கரையில் நிற்பவருக்கு அது இடப்பக்கமாக ஓடுவதாகத் தெரியும்.

பலகை 8, 9 அடி நீளமுள்ள நுரைப்பலகையாக இருக்கட்டும். எல்லோரும் ஒரே நுனியில் காத்திருக்கும் இடமாதலால், அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம் என்ற முறையை மீறக் கூடாது. புதியவர் அந்த நெரிசலுக்குள் போகாமல், அலை தணிந்து வந்து சேரும் உட்பக்கத்தில் நின்றுகொள்ளலாம். நன்கு பழகியவர்கள் விட்டுவிட்ட அலைகள் அங்கேதான் வந்து சேரும்.