வடிவான கட்டடம் சரி, உள்ளுக்க சத்தம் எப்பிடி?

வணக்கம் எல்லாருக்கும். பின்னுக்கு நிக்கிற ஆக்கள் முன்னுக்கு வந்து இருங்கோ, இடம் கிடக்கு. கொழும்பிட பேர்போன கட்டடங்களப் பற்றிக் கதைக்கச் சொல்லித்தான் கூப்பிட்டவை, ஆனா தாமரைக் கோபுரம் 350 மீட்டர், புறக்கோட்டையில சிவப்புப் பள்ளிவாசல், டவுன் ஹோல் எண்டு நீங்க பஸ்சில போகேக்க பாக்கிறத நான் மைக் பிடிச்சுச் சொல்லி என்ன பிரயோசனம். உள்ளுக்குப் போய்க் கதவச் சாத்தினாப் பிறகு என்ன கேக்குது, எனக்கு அதுதான் கதை.

1973ஐ எடுங்கோ. மே மாசம் இங்க பண்டாரநாயக்க மண்டபம் திறந்தது, சீனா கட்டித் தந்தது, 1976இல அணிசேரா நாடுகளிட மாநாடே அங்கதான். அதே 1973 ஒக்டோபரில சிட்னி ஓபரா ஹவுஸ் திறந்தது. வெளியால பாத்தா வாயைப் பிளக்க வைக்கிற கட்டடம், ஆனா உள்ளுக்க கொன்சர்ட் ஹோல்ல மேடைக்கு மேல கூரை 25 மீட்டர் உயரம், சத்தம் மேல போய்ச் சுணங்கித்தான் கீழ வரும், வாசிக்கிற ஆளுக்குப் பக்கத்து ஆள் வாசிக்கிறது வடிவாக் கேக்காது. அதத் திருத்தி, சத்தத்தக் கீழ திருப்பிவிட மேடைக்கு மேல புதுத் தட்டுகள் தொங்கவிட்டுத் திருப்பித் திறந்தது 2022இல!

ஒரு சத்தம் மண்டபத்துக்க அடங்க எவ்வளவு நேரம் எடுக்குது எண்ட கணக்கத் தொடக்கி வச்சது சபைன் எண்ட ஹார்வர்ட் வாத்தியார். 1895இல அங்க ஒரு புது விரிவுரை மண்டபத்தில பேசினா ஒருத்தருக்கும் விளங்கேல்ல, ஒரு சத்தம் அடங்க அஞ்சரை செக்கன். மனுசன் ராவில ஓர்கன் குழாயும் ஸ்டொப் வொச்சும் கொண்டுபோய், வேற தியேட்டரில இருந்து மெத்தை சுமந்துவந்து போட்டுப் போட்டு அளந்தார். மண்டபம் பெருக்கப் பெருக்க சத்தம் நீளும், மெத்தை, துணி, ஆக்கள் கூடக் கூடச் சுருங்கும், அவ்வளவுதான் விசயம். பேச்சுக்கு ஒரு செக்கன் மட்டில காணும், ஓகெஸ்ட்ராவுக்கு ரெண்டு செக்கனுக்குக் கிட்ட வேணும்.

அப்ப கச்சேரிக்கு? தனி ஆவர்த்தனத்தில மிருதங்கம் வேகமாப் போகேக்க ஒவ்வொரு சொல்லும் தனியா விழ வேணும், எதிரொலி கூடினா எல்லாம் குழைஞ்சு போயிடும். எதிரொலியே இல்லாம முற்றா வறட்சியா இருந்தாலும் வீணை செத்துப் போகும். ரெண்டுக்கும் நடுவில பிடிக்கோணும்.

கொழும்பில கில்ட்ஃபர்ட் கிரெசென்ட் றோட்டில லயனல் வென்ட் தியேட்டர் இருக்கே, வெளியால நிண்டு ஒருத்தரும் செல்ஃபி எடுக்கிறேல்ல. வென்ட் பியானோக்காரர், போட்டோவும் பிடிச்சவர், 1944இல போயிட்டார், அவர்ட வீடு இருந்த இடத்தில 1953இல எழும்பின சின்ன ஹோல், அறுநூறு சீட் மட்டில. நெலும் பொக்குண எண்ட பெரிய தியேட்டரும் கொழும்பிலதான், 2011இல திறந்தது, பொலநறுவைத் தாமரைக் குளத்த வச்சுக் கீறின வடிவம், அதோட ஒப்பிட்டா இது ஒண்டுமேயில்ல. எனக்கெண்டா அந்தச் சின்னன்தான் பிடிக்கும்.

எங்கட ஆக்கள் கட்டுற மண்டபங்களச் சொல்லவா? நிலம் டைல்ஸ், சுவர் மாபிள், முன்பக்கம் கண்ணாடி, பின்ன சத்தம் எங்க போறது, சுத்திச் சுத்தி வரும். கேக்கேல்லயெண்டு ஸ்பீக்கரக் கூட்டுவினம், கூட்டக் கூட்ட இன்னும் மோசம். கலியாணத்துக்குச் சரி ஐயா, எவர் மேளத்தக் கேக்கினம், எல்லாரும் சாப்பாட்டுப் பக்கம். ஆனா பிள்ளையிட அரங்கேற்றத்துக்கு ஹோல் பாக்கப் போறவை, ஏசியும் பார்க்கிங்கும் கேட்டது காணும், மைக் இல்லாம மேடையில ஒரு பாட்டுப் பாடவிட்டுக் கடைசி வரிசையில போய் இருந்து கேட்டிட்டு அட்வான்ஸக் குடுங்கோ.