வாய்க்காலுக்குள் விரல்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகம் என்றதும் கல், டயாலிசிஸ் என்று பயப்பட வேண்டாம். இன்றைக்கு நோய்ப் பேச்சு இல்லை, அது வேலை செய்யும் அழகைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தாத்தாவுக்குத் தோவாளைப் பக்கம் வயல். கன்னிப்பூ நெல் சாகுபடி சமயம் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வந்துவிட்டால் ராத்திரி என்னையும் வரப்பில் கூட்டிப்போவார். கையில் டார்ச் இருக்கும், அடிக்கமாட்டார். வாய்க்கால் ஓரம் குத்தவைத்து உட்கார்ந்து, விரல்களை விரித்துத் தண்ணீருக்குள் வைப்பார். விரலிடுக்கில் ஓட்டம் தள்ளுகிற தள்ளலிலேயே அவருக்குக் கணக்குத் தெரிந்துவிடும். "வெள்ளம் கூடிட்டு மக்கா, மடையை அடை" என்பார். நான் ஓடிப்போய் மண்ணை வெட்டிப் போடுவேன். வயலுக்குப் போதும், மிச்சம் வாய்க்காலோடு போகட்டும், அதுதான் அர்த்தம்.

அந்த விரல்கள் நம் சிறுநீரகத்திலும் இருக்கின்றன! ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அங்கே வடிகட்டப்படுகிறது, அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ உப்பு. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நுண்குழாய்களின் உட்சுவர் செல்கள் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் பலவற்றில் மயிரிழை போல ஒரு நீட்சி குழாய்க்குள் நிற்கும். ஓட்டம் கூடினால் அது வளையும், செல் கொஞ்சம் ஏடிபியை வெளியே விடும்.

ஏடிபி, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1929-இல் கண்டுபிடித்த பொருள், செல்லுக்குள் ஆற்றலுக்காகக் காசு போலச் செலவாவது. அதுவே வெளியே வந்தால் தூது சொல்லும் என்று 1972-இல் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் என்ற விஞ்ஞானி எழுதினார், பலர் பல வருஷம் ஒத்துக்கொள்ளவே இல்லை. உள்ளே காசு, வெளியே தூது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அந்தத் தூதைக் கேட்கிற காது, செல்லின் மேல் உள்ள பி2ஒய்2 என்ற ஏற்பி. அது கேட்டதும் சோடியம் உள்ளே வருகிற மடை அடைபடும், உப்பு சிறுநீரோடு போய்விடும். ஆமாம், தாத்தா சொன்ன அதே மடை. இந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு ரத்த அழுத்தம் கூடிவிடுகிறது, அவ்வளவு முக்கியம் இது.

அப்புறம் பி2எக்ஸ் என்று இன்னொரு ஏற்பிக் குடும்பம்... சரி, நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியே வந்த ஏடிபி சிதைந்து கடைசியில் அடினோசின் ஆகும், அதற்கும் தனி ஏற்பி உண்டு. காப்பியில் உள்ள காஃபீன் அந்த ஏற்பியை அடைத்துக்கொள்கிறது, கடுங்காப்பி குடித்த கொஞ்ச நேரத்தில் எழுந்து போகவேண்டி வருவது அதனால்தான். வணக்கம்.