மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லையா?

வணக்கம். ரத்தசோகை என்றதும் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, இரும்புச்சத்து மாத்திரை என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வோம். தப்பில்லை. ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டாமல் சிலர் வருவார்கள். "நீ ஒழுங்கா சாப்பிடுறதே இல்ல" என்று வீட்டில் ஒரு திட்டு, "மாத்திரையைப் போடுறீங்களா, தூக்கிப் போடுறீங்களா" என்று டாக்டர்களான எங்களிடம் இன்னொரு திட்டு. பாவம், அவர்கள்மேல் தப்பே இருக்காது. இரைப்பையில் ஒரு கிருமி குடியிருக்கலாம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியபோது பலர் நம்பவில்லை. அதற்காக மார்ஷல் 1984-இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அல்சருக்கு இது காரணம் என்பது அப்படித்தான் நிலைபெற்றது. ரத்தசோகைக் கதை அந்த அளவுக்கு வெளியே தெரியவில்லை.

கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்பு அப்படியே உடம்பில் சேராது, இரைப்பை அமிலமும் வைட்டமின் சி-யும் அதைப் பக்குவப்படுத்த வேண்டும். கிருமி பல வருஷம் தங்கினால் சிலருக்கு இரைப்பையின் உட்சுவர் நலிந்து அமிலம் குறையும், இரைப்பை நீரில் இருக்கும் வைட்டமின் சி-யும் குறையும். போதாக்குறைக்கு அழற்சி இருந்தால் ஈரலில் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் கூடி, குடல் இரும்பை உள்ளே விடுவதையே குறைத்துவிடும். அல்சர் இருந்தால் ரத்தக்கசிவு வேறு. இரும்பு மாத்திரை போட்டாலே மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் இந்த கேஸ் மாத்திரை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, அதுவும் யாரும் எழுதிக் கொடுக்காமல் வருஷக்கணக்கில். அமிலத்தை அடக்கும் அந்த மாத்திரையே இரும்பு சேர்வதைக் குறைக்கும். கிருமிப் பரிசோதனையையும் ஏமாற்றிவிடும், இருக்கிற கிருமியை இல்லை என்று காட்டும். அதனால் மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ முன்னால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு வாரம் அதை நிறுத்த வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு ரத்தசோகை உள்ள எல்லோரும் லேபுக்கு ஓட வேண்டாம். அதிக மாதவிடாய், சாப்பாட்டில் குறை, கொக்கிப்புழு, மூலம், வயதானவர்களுக்குக் குடல் புற்றுநோய்கூட, இவற்றையெல்லாம் முதலில் பார்க்கணும். எதுவும் பிடிபடாதபோதுதான் கிருமியைத் தேடுகிறோம். இருந்தால் இரண்டு ஆன்டிபயாட்டிக்கோடு பெரும்பாலும் 14 நாள் மருந்து. வாய் கசக்கும், வயிறு கலக்கும், ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம். முடித்து நான்கு வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. இரும்பு மாத்திரையையும் அதோடு விட்டுவிடாதீர்கள், ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம்போல் தொடர்ந்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும்.