பங்க் வாசல் வரிசை எங்கே தொடங்கியது?

அவையோர்க்கு வணக்கம். எழுபதுகளின் அமெரிக்க அரசியல் என்றாலே பேச்சு அதிபர் நிக்சனைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழலில் போய் நின்றுவிடும். ஒலிநாடாக்கள், செனட் விசாரணை, 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகியது எல்லாம் பல மேடைகளில் கேட்டவைதான். இன்று நான் எடுத்துக்கொண்டது பெட்ரோல் பங்க். 1973-74 பெட்ரோல் தட்டுப்பாட்டில் விடியுமுன்னே காரை வரிசையில் விட்டுக் காத்துக் கிடந்த மக்களுக்கு, "இதெல்லாம் அரேபியர் வேலை" என்று சொல்லப்பட்டது. அது பாதி உண்மை. மறுபாதி வாஷிங்டனில் எழுதப்பட்ட விதிகளில் இருக்கிறது.

1971 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு நிக்சன் தொலைக்காட்சியில் பேசினார். டாலரைக் கொண்டுவரும் வெளிநாட்டு அரசுகளுக்கு அவுன்ஸ் 35 டாலர் கணக்கில் தங்கம் தருவது நின்றது. இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரி வந்தது. விலை, கூலி, வாடகை மூன்றும் 90 நாள் இருந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றார். அன்றைய பணவீக்கம் 5 சதவீதத்தைத் தொடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு தேர்தல். மறுநாள் பங்குச் சந்தை துள்ளியது. 1972-ல் அவர் 49 மாநிலங்களை அள்ளினார்.

விலையை நிறுத்திய மாதத்தைக் கவனியுங்கள். ஆகஸ்டில் அமெரிக்கர்கள் காரில் ஊர் சுற்றுவார்கள். பெட்ரோல் விலை உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அப்போது மலிவு. ஒரே கச்சா எண்ணெயிலிருந்துதான் சுத்திகரிப்பு ஆலை இரண்டையும் எடுக்கிறது. விகிதத்தை ஓரளவு கூட்டிக் குறைக்கவும் முடியும். பெட்ரோலுக்கு நல்ல விலை, மற்றதற்கு அடிமட்ட விலை என்று சட்டமே கட்டிப்போட்டால் ஆலைக்காரர் எதைக் கூடுதலாக எடுப்பார்? 1972-73 குளிர்காலத்தில் சூடாக்கும் எண்ணெய் தட்டுப்பட்டது. சில இடங்களில் பள்ளிகளை மூடினார்கள். அரபு நாடுகள் குழாயை மூடுவதற்குப் பல மாதங்கள் முன்பே நடந்தது இது.

1973 ஜூனில் மறுபடி 60 நாள் விலைத் தடை. கோழிக்கறி விலைக்குப் பூட்டு, தீவன தானியத்துக்குப் பூட்டு இல்லை. வளர்க்க வளர்க்க நஷ்டம் என்றதும் பண்ணைக்காரர்கள் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது.

அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர், அதன் பின்னாலேயே அமெரிக்காவுக்கு எண்ணெய் தர அரபு நாடுகளின் தடை. பீப்பாய் 3 டாலரை ஒட்டி இருந்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் 11.65 டாலர் ஆனது. இதற்கிடையே 1973 நவம்பர் 27-ல் நிக்சன் பெட்ரோலியப் பங்கீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வரிசையின் சூட்சுமம் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில்தான் இருக்கிறது. 1972-ல் இதே மாதத்தில் ஒரு பங்க் எவ்வளவு வாங்கியதோ, அதில் ஒரு பகுதிதான் இப்போதும் கிடைக்கும். ஆனால் மக்கள் 1972-ல் ஓட்டியதுபோல் ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பங்க்கை மூடச் சொல்லி நிக்சனே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பயணத்தை எல்லோரும் குறைத்துவிட்டார்கள். நெடுஞ்சாலையோர, சுற்றுலாத் தல பங்க்குகளுக்குப் பழைய கணக்குப்படி பெட்ரோல் போய்க்கொண்டே இருந்தது. நகரத்து பங்க்குகளோ காலையிலேயே வற்றின. தேவைப்படும் இடத்துக்கு லாரியைத் திருப்பிவிட விதி இடம் தரவில்லை. விலையும் திருப்பிவிடாது, அதற்கும் பூட்டு.

இதோடு பயம் சேர்ந்தது. 20 கேலன் டேங்க் உள்ள ஒருவர், 5 கேலன் மிச்சம் இருக்கும்போது வந்து 15 கேலன் போடுவார் என்று வையுங்கள். நாளைக்குக் கிடைக்காதோ என்ற பயத்தில் 15 கேலன் இருக்கும்போதே வந்து 5 கேலன் போடுகிறார். அவர் ஓட்டும் தூரம் கூடவில்லை. பங்க்குக்கு வரும் தடவை மட்டும் மூன்று மடங்கு! அதனால்தான் சில மாநிலங்கள் குறைந்தபட்சம் இவ்வளவுக்காவது போட வேண்டும் என்று விதித்தன. ஒற்றைப்படை எண் காருக்கு ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைக்கு இரட்டைப்படைத் தேதி என்ற முறையும் வந்தது. ஓரிகனில் பங்க் வாசலில் கொடி கட்டினார்கள்: பச்சை எல்லோருக்கும், மஞ்சள் அவசர வாகனங்களுக்கும் தொழில் வண்டிகளுக்கும், சிவப்பு என்றால் இருப்பு காலி.

1974 மார்ச்சில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை நீங்கியது. விலை, கூலிக் கட்டுப்பாடுகள் ஏப்ரலோடு காலாவதியாயின, எண்ணெயைத் தவிர. அங்கே 'பழைய எண்ணெய்', 'புதிய எண்ணெய்' என்று இரண்டு விலை. 1972 அளவுக்குள் எடுப்பது பழையது, பீப்பாய் 5.25 டாலர். அதற்கு மேல் எடுப்பது புதியது, சந்தை விலை. மலிவான பழைய எண்ணெய் எல்லா ஆலைக்கும் கிடைக்காது என்பதால் 1974 நவம்பரில் சமன்செய்யும் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். மலிவு எண்ணெய் வைத்திருப்பவர், இறக்குமதி எண்ணெய் வாங்குபவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். உள்நாட்டு எண்ணெயின் காசில் இறக்குமதிக்கு மானியம்! 1980-க்குள் எரிசக்தியில் சொந்தக் காலில் நிற்போம் என்று நிக்சன் அறிவித்த நாடு, 1973-ல் நாளொன்றுக்குச் சுமார் 63 லட்சம் பீப்பாய் இறக்குமதி செய்தது. 1977-ல் 88 லட்சம். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து காப்பாற்றிய விதி இது.

ஈரான் புரட்சிக்குப் பின் 1979 மே மாதம் கலிபோர்னியாவில் மீண்டும் வரிசை, ஜூனில் கிழக்குக் கரையில். பங்கீட்டுக்கு 1972 என்றிருந்த அடிப்படை ஆண்டை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை. கேலன் ஒரு டாலரை நெருங்கியபோது பழைய பம்ப் மீட்டர்களில் 99.9 சென்ட்டுக்கு மேல் விலை வைக்க இடமே இல்லை. பல பங்க்குகளில் பாதி விலையை மீட்டரில் வைத்து, வந்த தொகையை இரண்டால் பெருக்கி வாங்கினார்கள்.

அப்போதைய அதிபர் கார்ட்டருக்கு நியாயம் செய்ய வேண்டும். அந்த ஏப்ரலிலேயே எண்ணெய் விலைக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்குவதாக அறிவித்து, ஜூன் 1 முதல் தொடங்கியவர் அவர்தான். பலன் தெரியும் முன்பே 1980 தேர்தலில் 44 மாநிலங்களில் தோற்றார். மிச்சமிருந்ததை 1981 ஜனவரி 28-ல், பதவியேற்ற எட்டாம் நாள், புதிய அதிபர் ரேகன் ஒரே கையெழுத்தில் நீக்கினார். பெயரும் அவருக்கே போனது.

இன்னொன்று. 1974-ல் ரேஷன் வந்தாலும் வரலாம் என்று சுமார் 480 கோடி பெட்ரோல் கூப்பன்களை அச்சடித்து வைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் படம் போட்டவை. ஒன்றுகூட மக்கள் கைக்கு வரவில்லை. கிடங்கில் கிடந்து எண்பதுகளில் அழிக்கப்பட்டன.