களியும் உண்டையும் தெரியும், 'காவல்' தெரியுமா?

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம். சிறை வாழ்க்கையைச் சொல்லும் கதை ஒன்றைக் கையில் எடுக்கிறீர்கள் என்றால் களி தின்பது, கம்பி எண்ணுவது, மாமியார் வீடு என்பதற்கெல்லாம் யாரும் விளக்கம் தர வேண்டாம். நமக்குக் கூடுதலாக மலையாளிகளின் கோதம்பு உண்டையும் தெரியும். ஆளைத் தடுமாற வைப்பது சாதுவாக வந்து உட்காரும் சட்டச் சொற்கள்தான்.

'நீதிமன்றக் காவல்' என்று வந்தால் ஆள் கோர்ட்டில் இருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள், அவன் இருப்பது ஜெயிலில். 'போலீஸ் காவல்' என்றால்தான் விசாரிக்கிற போலீசாரின் கையில். ஜெயிலில் வைக்கும் நீதிமன்றக் காவலை மாஜிஸ்திரேட் ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் நீட்ட முடியாது, அதனால்தான் கதையில் அவன் வேனில் ஏறிக் கோர்ட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறான், இப்போது வீடியோவிலேயே முடித்துவிடுவதும் உண்டு.

அப்புறம் விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி. முன்னவன் மேல் குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை, சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம், வேலை செய்யச் சொல்லிக் கட்டாயமில்லை. பின்னவனுக்குச் சீருடை, எண், வேலை எல்லாம் உண்டு. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் முதல் வகை! ஆகவே சொந்தச் சட்டையோடு ஒருவன் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தால் எழுத்தாளர் கதை விடுகிறார் என்று சொல்லாதீர்கள்.

அம்மா 'மனு பார்க்க'ப் போகிறாள் என்றால் மகனைப் பார்க்கப் போகிறாள். விய்யூர் ஜெயில் கதையை மலையாளத்திலேயே படிக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு: 'கடின தடவு' என்றால் கடுங்காவல், நம்ம ஊர்த் தடவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'வெறுதே விட்டு' என்றால் சும்மா விட்டுவிட்டார்கள் என்பதல்ல, குற்றவாளி இல்லை என்று விடுதலை செய்துவிட்டார்கள்.

தீர்ப்பு வரும் பக்கத்தில் 'ஏககாலத்தில்' என்ற சொல்லைத் தேடுங்கள், அது இருந்தால் 7 வருடமும் 10 வருடமும் சேர்ந்து 17 ஆகாது, 10தான். ஆயுள் தண்டனை 14 வருடம் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள், சட்டப்படி அது உயிருள்ள வரை. தூக்குக்கும் இடமுள்ள குற்றமாக இருந்தால், 14 வருடம் உள்ளே கழியாமல் தண்டனைக் குறைப்புச் சட்டத்தின் கீழ் அரசு விடுவிக்க முடியாது, அங்கிருந்து வந்ததுதான் அந்தக் கணக்கு. அதற்கு அப்புறமும் கைதி கேட்கத்தான் முடியும், அரசு தந்தாக வேண்டும் என்றில்லை.